ஒதுக்குவதும் ஒதுங்குவதும்: ராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்தில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறேன். பாடம் முடிந்து பிள்ளைகள் ஓடிய பிறகு, மனு எழுதித் தரச் சொல்லிப் பெரியவர்கள் வந்து உட்காருவார்கள். மனு ரேஷன் கார்டுக்காக இருக்கும், பேச்சு வேறு எங்கோ போய் நிற்கும். "எங்கள மட்டும் ஏன் டீச்சர் இப்படி நடத்துறாங்க?" என்று யாராவது ஒருவர் கேட்காமல் எழுந்து போனதில்லை. அப்படிக் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும்தான் இவை.

பாகுபாடு என்றால் என்ன? ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்?

இருக்கும். படகு ஓட்டத் தெரிந்தவரைத்தான் டிரைவராக வைப்பார்கள். நீச்சல் தெரியாதவரைக் கடல்பாசி எடுக்கக் கூட்டிப் போக மாட்டார்கள். அதெல்லாம் வேலைக்கு வேண்டிய தகுதி. ஆனால் ஒருவர் பிறந்த சாதி, கும்பிடும் சாமி, ஆணா பெண்ணா திருநங்கையா என்பது, உடம்பில் உள்ள குறை, பேசுகிற பேச்சு, வந்த ஊர் என்று விஷயத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றை வைத்து, அவருக்குக் கிடைக்க வேண்டியதைக் கொடுக்காமல் விடுவதும், மட்டமாக நடத்துவதும் பாகுபாடு. சந்தேகம் வந்தால் அதே இடத்தில் வேறொரு ஆளை நிறுத்தி யோசித்துப் பாருங்கள். அவருக்கும் இதே பதில், இதே குரல் கிடைத்திருக்குமா?

1950 ஜனவரி 26-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 15-வது பிரிவு கடை, ஹோட்டல், கிணறு, குளம், குளிக்கும் துறை, சாலை என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது: மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றைக் காட்டி யாரையும் அங்கே தடுக்கக் கூடாது. 17-வது பிரிவு தீண்டாமையையே ஒழித்தது. பெரிய பெரிய உரிமைகளுக்கு நடுவில் கிணற்றையும் குளத்தையும் எழுத வேண்டியிருந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பாகுபாடு தினமும் நடக்கிற இடம் தண்ணீர் எடுக்கிற இடம்தான் என்று அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்தக் காலத்தில் யார் சாதி பார்க்கிறார்கள்?

"நீங்க எந்த ஆளுக?" என்று நம் பக்கத்தில் யாரும் கேட்பதில்லையா? வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் முதலில் ஊர் கேட்பார்கள், அப்புறம் தெரு, அப்புறம் "அங்க இன்னாரைத் தெரியுமா?" என்பார்கள். மூன்று கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்கள். பெயரே போதும் என்கிற இடங்களும் உண்டு. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இரு ஆய்வாளர்கள் செய்து 2007-ல் வெளியான ஆய்வில், ஒரே மாதிரிப் படிப்பு உள்ள விண்ணப்பங்களைப் பெயர் மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். மேல்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வருகிற வாய்ப்போடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்குதான். கீழக்கரையிலிருந்தும் பெரியபட்டினத்திலிருந்தும் சென்னைக்கு வேலை தேடிப் போன முஸ்லிம் பையன்கள் இதையே சொன்னபோது "உனக்குத்தான் இன்டர்வியூ சரியா வரல" என்று நானே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

மீன் வாடைக்கு மூக்கைப் பிடிப்பதெல்லாம் பாகுபாடா?

வாடை வாடைதான். ஆனால் டீசல் வாடை அடிக்கிற மெக்கானிக்கை யாரும் பஸ்ஸிலிருந்து இறங்கச் சொல்வதில்லையே. 2021 டிசம்பரில் குமரி மாவட்டம் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய ஒரு மூதாட்டியை, நாற்றம் என்று சொல்லி அரசு பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். பஸ் நிலையத்தில் நின்று அவர் சத்தம் போட்டு நியாயம் கேட்டதை ஊரே பார்த்தது. முதலமைச்சர் கண்டித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். எல்லாம் சரி. ஆனால் அந்தப் பாட்டி கத்தியதால்தான் அது செய்தி ஆனது. கத்தாமல் இறங்கிப் போனவர்களை யார் எண்ணினார்கள்?

காலியான அன்னக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு, சீட் காலியாக இருந்தும் படிக்கட்டுப் பக்கம் தரையில் உட்கார்ந்து வருகிற அக்காக்களை நம் டவுன் பஸ்களில் பார்த்திருப்பீர்கள். அவர்களைத் தரையில் உட்காரச் சொன்னது யார் என்று கேளுங்கள். "யாரும் சொல்லல" என்பார்கள்.

அதேதான் நானும் கேட்கிறேன். யாரும் எதுவும் சொல்லவில்லை, நானாகத்தான் ஒதுங்கிக்கொள்கிறேன். இதுவுமா பாகுபாடு?

இதைத்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன்.

என் அம்மா கூடையில் மீன் விற்றவர். நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது பள்ளியில் கையெழுத்துப் போட வரச் சொன்னார்கள். அன்று கடற்கரைக்குப் போகவில்லை. விடியற்காலையில் எழுந்து புளியைக் கரைத்துக் கையைத் தேய்த்தார். அப்புறம் எலுமிச்சைத் தோல். அப்புறம் அடுப்புச் சாம்பல். நகக்கண்ணை ஈர்க்குச்சியால் சுரண்டினார். மோந்து பார்த்தார். திருப்தி இல்லாமல் என் மூக்குக்கு நேரே கையை நீட்டி, "அடிக்குதாடி?" என்றார். "இல்லம்மா" என்றேன். அடித்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, நானும் அந்த வாடையில்தானே வளர்ந்தேன். பள்ளியில் தலைமையாசிரியர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். நல்ல மனுஷன். அம்மா உட்காரவில்லை. வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தவர், பேனாவை நீட்டியபோதுதான் வெளியே எடுத்தார். கையெழுத்துப் போட்டதும் திரும்ப உள்ளே போய்விட்டது.

அன்று யாரும் அம்மாவை ஒரு சொல் சொல்லவில்லை. முப்பது வருடமாகப் பஸ்ஸிலும் கடையிலும் சொன்னதெல்லாம் அந்தக் கையில் ஏறியிருந்தது. ஒருவரைப் பத்து முறை ஒதுக்கினால் போதும், பதினோராவது முறை அவரே ஒதுங்கிக்கொள்வார். ஒதுக்கியவர் கை கழுவிக்கொண்டு "நாங்க ஒண்ணும் சொல்லலியே" என்பார். வங்கிக்குப் போனால் வாசலிலேயே நிற்பது, ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் கேட்க வந்த சந்தேகத்தைக் கேட்காமலே திரும்புவது, கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்குக் காத்திருப்பது, எந்தச் சலுகை அறிவித்தாலும் "நமக்கெல்லாம் தர மாட்டாங்க" என்று விண்ணப்பமே போடாமல் விடுவது: இத்தனையும் பாகுபாட்டின் கணக்கில்தான் எழுத வேண்டும். கூச்ச சுபாவம், படிப்பறிவு இல்லை, தைரியம் போதாது என்று அவர்கள் கணக்கில் எழுதுவது அநியாயம்.

பிள்ளைகளின் படிப்பை இது எப்படிப் பாதிக்கும்?

உத்தரப் பிரதேசக் கிராமங்களில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களுக்குத் தாளில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். யார் என்ன சாதி என்று சொல்லாதபோது தலித் பையன்களும் மேல்சாதிப் பையன்களும் ஒரே அளவில் போட்டார்கள். எல்லோர் முன்னிலையிலும் சாதியைச் சேர்த்துப் பெயரை வாசித்த பிறகு, தலித் பையன்கள் போட்ட புதிர்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. அதே பையன்கள், அதே மூளை. நடுவில் நடந்தது ஒரு அறிவிப்பு மட்டும்தான்.

இங்கே வகுப்பில் சாதியை வாசிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. கையில் கட்டுகிற கயிற்றின் நிறமே வாசித்துவிடும். 2023-ல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனை உடன் படித்தவர்களே வெட்டிய பிறகு, நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு போட்டது. 2024 ஜூனில் அந்தக் குழு கொடுத்த அறிக்கை, நிறக் கயிறுகளைத் தடை செய்ய வேண்டும், பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. என் வகுப்புக்குக் கயிறு கட்டி வருகிற பையனிடம் நான் அவிழ்க்கச் சொல்வதில்லை. "யாரு கட்டிவிட்டா?" என்று கேட்பேன். பெரும்பாலும் ஒரு அண்ணன் பெயர் வரும். பேச வேண்டியது அந்த அண்ணனிடம்.

முகவரி சொல்லவே என் மகன் கூச்சப்படுகிறான். என்ன செய்வது?

இது இரண்டு விதமான வீட்டிலிருந்து வருகிற கேள்வி. ஒன்று, முகவரியில் "காலனி" என்று இருக்கிற வீடு. ஊரில் காலனி என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். 2025 ஏப்ரலில் அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் புழக்கத்திலிருந்தும் நீக்கப்போவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

இன்னொன்று, மண்டபம் முகாம். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து படகேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பத்தாம் வகுப்பு எழுதுகிறார்கள். இங்கேயே பிறந்தவர்கள், இலங்கையைப் படத்தில் பார்த்தவர்கள். 2021-ல் முகாம்களுக்கு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது நல்ல காரியம், ஏனென்றால் "அகதிப் பசங்க" என்பது வகுப்பில் வசவாகவே இருந்தது. ஆனால் பெயருக்குக் கீழே சட்டம் அப்படியே இருக்கிறது. 1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. 2004 டிசம்பர் முதல் அது இன்னும் இறுகியது. 2019-ல் வந்த திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்ற மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது. நன்றாகப் படிக்கிற பிள்ளை ஒன்று "டீச்சர், நான் கவர்மென்ட் பரீட்சை எழுத முடியுமா?" என்று கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பிள்ளையின் கூச்சத்தைப் போக்க வழி கேட்கிறீர்கள். கூச்சப்பட வேண்டியது பிள்ளை இல்லை என்று முதலில் நீங்கள் நம்ப வேண்டும். வீட்டில் நீங்களே முகவரியைத் தணிந்த குரலில் சொன்னால் பிள்ளை அதைத்தான் கற்றுக்கொள்ளும்.

சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். அதில் எப்படிப் பாகுபாடு வரும்?

எல்லோருக்கும் ஒரே விதி, ஆனால் அடி ஒரு சிலர் மீது மட்டும் விழும். பாசி எடுக்கிற பெண்களைப் பாருங்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் பறிப்பவர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனபோது, தீவுப் பக்கம் யாரும் போகக் கூடாது என்றார்கள். பவளப்பாறையைக் காப்பாற்ற வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பெரிய படகு வைத்திருப்பவருக்கு ஆழ்கடல் இருக்கிறது. தீவோரம் இடுப்பளவு, ஆளளவுத் தண்ணீரைத் தவிர வேறு கடலே இல்லாதவர்கள் இந்தப் பெண்கள். முடிவெடுத்த மேசையில் அவர்கள் இல்லை. மீனவர் என்ற சொல்லைக் கேட்டதும் நம் கண் முன்னால் ஓர் ஆண்தானே வருகிறார்.

உடம்பையும் பாதிக்குமா?

பாதிக்கும். எப்போது யார் என்ன சொல்வார்களோ என்று உடம்பு எப்போதும் தயாராகவே இருந்தால், அதற்கான சுரப்புகள் ஓயாமல் சுரக்கும். தூக்கம் கெடும், ரத்த அழுத்தம் ஏறும், காரணம் தெரியாத தலைவலியும் வயிற்று வலியும் வரும். "மனசுல வச்சுக்காத" என்று ஆறுதல் சொல்வோம். மனசில் வைக்காவிட்டாலும் உடம்பு வைத்துக்கொள்கிறது. பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற அரசு மனநல எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

மனநலம் என்றாலே "ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போ" என்கிறார்களே?

எங்கள் மாவட்டத்து ஊர்ப்பெயரைத் தமிழ்நாடு முழுக்க வசவாகச் சொல்கிறார்கள். அங்கே என்ன நடந்தது என்று தெரிந்தால் சொல்ல மாட்டார்கள். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் தீப்பிடித்தது. நோயாளிகள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஏர்வாடி தர்காவுக்கு நம்பிக்கையோடு போகிறவர்களை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். மாத்திரையையும் விடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன்.

நாமும் பாகுபாடு காட்டுகிறோமா?

காட்டுகிறோம். மீன் வாடை என்று நம்மை ஒதுக்கினார்கள் என்று வருத்தப்படுகிற நாமே, கடலுக்குப் போகும்போது புருஷன் இல்லாத பெண் எதிரே வந்தால் படகில் ஏறாமல் திரும்புகிறோம். மாதவிலக்கு நாளில் படகைத் தொடாதே, வலையைத் தாண்டாதே என்கிறோம். கடலில் புருஷனைப் பறிகொடுத்தவளைக் கடற்கரைக்கே வராதே என்று சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை. உடல் கிடைக்கவில்லை என்றால், இறந்ததாகச் சட்டம் கொள்ள ஏழு வருடம் காத்திருக்க வேண்டும். காகிதத்தில் அவள் சுமங்கலி, தெருவில் அபசகுனம். எங்கள் தெருவில் அப்படி ஒரு அக்கா படகுகள் போகும் வரை வாசலைத் திறப்பதில்லை. அவரையும் யாரும் திறக்காதே என்று சொல்லவில்லை.

சாதியைச் சொல்லித் திட்டினால் எந்தச் சட்டம்?

பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியாகவும், திட்டியவர் அந்தப் பிரிவுகளைச் சேராதவராகவும் இருந்தால் 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பிறர் பார்வையில் படுகிற இடத்தில் நடந்திருக்க வேண்டும். திட்டுவது மட்டும் இல்லை, பொதுக் குளம், சுடுகாடு, பாதையைத் தடுப்பதும், ஊர்விலக்கு வைப்பதும் இதில் வரும். எஃப்.ஐ.ஆர். போடுவதற்கு முன்னால் முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று 2018-ல் திருத்தமே வந்துவிட்டது. "விசாரிச்சுட்டுச் சொல்றோம், போயிட்டு வாங்க" என்றால் இதைச் சொல்லுங்கள். விசாரிப்பவர் டி.எஸ்.பி. நிலையிலாவது இருக்க வேண்டும். கடமையை வேண்டுமென்றே செய்யாத அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை என்றும் அதே சட்டம் சொல்கிறது.

கடற்கரையில் அடிக்கடி வருகிற ஒரு சிக்கல்: பட்டியல் சாதியில் பிறந்து கிறிஸ்தவரானவர்கள். 1950-ம் ஆண்டு ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே பட்டியல் சாதி. ஞானஸ்நானம் பெற்றவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட வகுப்பில் போய்விடுகிறார், இந்தச் சட்டம் அவருக்குக் கிடைப்பதில்லை. திட்டுகிறவர்கள் ஆணையைப் படித்துவிட்டா திட்டுகிறார்கள்? அதே சொல், அதே தெரு. எனக்கு இதில் நியாயம் தெரியவில்லை.

ஆதாரம் இல்லையே, எப்படிப் புகார் கொடுப்பது?

அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, நேரம், இடம், யார் பக்கத்தில் இருந்தார்கள், சொன்ன சொல் என்ன. கெட்ட வார்த்தையாக இருந்தாலும் சொன்னபடியே எழுதுங்கள், "தகாத வார்த்தை" என்று மழுப்பினால் வழக்கு நிற்காது. பஸ் என்றால் டிக்கெட்டை ஒட்டி வையுங்கள். காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், அப்புறம் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்தால் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, எண் 15100. வன்கொடுமைப் புகாருக்கு 14566, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

புகார் கொடுத்துவிட்டு அதே ஊரில் எப்படி இருப்பது?

கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். கடன் கொடுத்தவரும் அவர்தான், மீனை எடுப்பவரும் அவர்தான் என்றால் வாய் திறப்பது எளிதில்லை. தனியாகப் போகாதீர்கள். சாட்சிக்கும் பாதுகாப்புக் கேட்கலாம், 2015 திருத்தத்தில் அதற்கு இடம் இருக்கிறது. புகார் வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தாலும் அது கோழைத்தனம் இல்லை. நோட்டில் எழுதுவதை மட்டும் விடாதீர்கள்.

இத்தனை காலம் இப்படியே பழகியவர்கள் மாறுவார்களா?

ராமேஸ்வரத்தில் நடந்ததையே சொல்கிறேன். அப்துல் கலாம் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஐந்தாம் வகுப்பில் கோயில் தலைமைக் குருக்களின் மகன் பக்கத்தில் தொப்பி போட்ட கலாம் உட்கார்ந்திருந்தது புதிதாக வந்த ஆசிரியருக்குப் பிடிக்கவில்லை, பின் பெஞ்சுக்கு அனுப்பினார். அந்தக் குருக்கள் லட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியரைக் கூப்பிட்டு, பிஞ்சு மனதில் விஷம் விதைக்காதே என்று கண்டித்தார். ஆசிரியர் மாறினார்.

இன்னொன்று, அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் வீட்டில் நடந்தது. கலாமைச் சாப்பிட அழைத்தார். ஆசாரமான தன் சமையலறையில் ஒரு முஸ்லிம் பையனா என்று அவர் மனைவி பரிமாற மறுத்துவிட்டார். ஐயரே பரிமாறி, பக்கத்தில் உட்கார்ந்து தானும் சாப்பிட்டார். அந்த அம்மா கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தான் சோறு சாப்பிடுகிற விதத்தில், தண்ணீர் குடிக்கிற விதத்தில், சாப்பிட்ட இடத்தைத் துடைக்கிற விதத்தில் ஏதாவது வித்தியாசம் அவருக்குத் தெரிகிறதா என்று சிறுவன் யோசித்தானாம். முந்தானைக்குள் கையைச் சுருட்டிய என் அம்மாவும் அதைத்தான் யோசித்திருப்பார். கிளம்பும்போது அடுத்த வாரமும் வா என்றார் ஐயர். பையன் தயங்கினான், ஆனாலும் போனான். அந்த முறை அந்த அம்மாவே சமையலறைக்குள் அழைத்துப் போய்த் தன் கையால் பரிமாறினார்.